பதினெட்டாம் குழியில் ஒரு வீச்சு

அக்கா,

இன்று காலை மழைக்கோட்டைத் தேடி உங்கள் கோல்ஃப் பையின் பக்க அறையைத் திறந்தேன். பெருங்காய வாசம் குப்பென்று வந்தது. அடியில் நாலைந்து தட்டைத் துண்டுகள், நொறுங்கிப்போய். உங்கள் மகள் பையைத் துடைத்துத்தான் என்னிடம் தந்தாள். இந்த அறை இருப்பது, பாவம், அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் தட்டை என்பீர்கள், நான் தட்டை வடை என்பேன், மூன்றாம் குழிக்குப் போகுமுன் இரண்டு பேருமாகத் தின்று முடித்திருப்போம். கராஜிலேயே குந்தியிருந்து அழுதேன்.

மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில் நம் வீடுகளுக்கு நடுவே இரண்டே தெரு. நீங்கள் திருச்சி, நான் யாழ்ப்பாணம். முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள். வெறும் நடை அலுத்துப்போய், ஒன்பது குழி மைதானம் ஒன்றில் இரவல் மட்டையோடு இறங்கினோம். "கோயிலச் சுத்துற மாதிரி இதச் சுத்துவோம், வாடி" என்றீர்கள். எங்கள் பக்கம் 'டி' போட்டால் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று அர்த்தம். முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு நீங்கள் டி போடாத நாளில்தான் எனக்கு என்னவோ போலிருந்தது. இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

உங்களுக்கு ஒரே ஓர் ஆசை. பதினெட்டுக் குழியையும் நூறுக்குக் குறைவான அடிகளில் முடிக்க வேண்டும். அடி குறையக் குறையத்தானே இந்த ஆட்டத்தில் மரியாதை! ஆறு வருடமாக முட்டி மோதியும் நூற்றிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. "சாகறதுக்குள்ள ஒரு வாட்டி" என்பீர்கள். கத்தரிக்காய் விலை குறைவதற்கும் அதையே சொல்கிற ஆள் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குத்தான் அந்தப் பழைய கடலோர மைதானத்தில் இடம் பிடித்தேன். மெல்பேர்ணுக்குத் தெற்கே இரண்டு மணி நேர ஓட்டம். மரம் என்று பேருக்கும் இல்லை. மணல்மேடும் கோரைப்புல்லும் கடல்காற்றும்தான். கிளப் கட்டடச் சுவர் முழுக்கக் கழுத்துப்பட்டி கட்டிய மீசைக்காரர்களின் பழுப்புப் படங்கள். "இத்தன பேர்ல ஒரு பொம்பள இருக்காளா பாரு" என்று சத்தமாகவே கேட்டீர்கள். வரவேற்பு மேசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அன்று உங்களுக்கு என்ன பிடித்ததோ! காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போக, உங்கள் பந்து மட்டும் தாழப் பறந்து, மேட்டில் விழுந்து, தானாக உருண்டு குழியைச் சுற்றியிருக்கும் பச்சைக்குப் போனது. "பாத்தியாடி, தரையே தள்ளி விடுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி ஓடினீர்கள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பதினேழு குழி முடிவில் தொண்ணூற்று நாலு. கடைசிக் குழியை ஐந்தில் முடித்தால் தொண்ணூற்றொன்பது.

இந்த ஆட்டத்தில் ஒருவர் கணக்கை மற்றவர் எழுதுவது வழக்கம். உங்கள் அட்டை என் கையில். இரண்டாவது அடியில் பந்து கோரைக்குள் போய்விட்டது. நீங்கள் பந்தருகில் நின்று மட்டையை ஓங்கி ஒரு வீச்சு வீசினீர்கள். புல் பறந்தது, பந்து அசையவில்லை. மறுபடி வீசினீர்கள், பந்து பச்சையில் வந்து நின்றது. அங்கே மெல்ல இரண்டு தட்டு. குழிக்குள் விழுந்தது.

"அஞ்சு!" என்று கையைத் தூக்கினீர்கள்.

"ஆறு அக்கா," என்றேன்.

"ஏய், மொத வீச்சு சும்மாடி. புல்லு எவ்ளோ கெட்டின்னு பாத்தேன்."

"உண்மையைச் சொல்லுங்கோ, அடிக்கத்தானே போனீங்கள்?"

அடிக்கும் எண்ணத்தோடு வீசினால், பந்தில் படாவிட்டாலும் கணக்கு. எண்ணமில்லாமல் வீசினால் கணக்கில்லை. எண்ணம் வீசியவருக்குத்தான் தெரியும்; விதியும் அதைத்தான் சொல்கிறது. எனக்கோ முப்பது வருடம் பார்மசியில் மாத்திரை எண்ணிய புத்தி. கண் கண்டதை எண்ணினேன், உங்கள் வாயை நம்பவில்லை. காற்றில் உங்கள் கண் கலங்கியதா, வேறென்னவா, நான் கேட்கவில்லை. "சரி, நீ எழுதினா எழுதினதுதான்" என்று நூறு என்ற எண்ணின் அடியில் கையெழுத்துப் போட்டீர்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நானும் பெரிய நியாயவாதி மாதிரி ஓம் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த குளிர்காலம், மூளையில் இரத்தம் கசிந்து மூன்றே நாளில் போய்விட்டீர்கள். இடையில் எத்தனையோ ஆட்டம் ஆடினோம். அந்த ஒரு வீச்சைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நூறுக்குக் கீழும் நீங்கள் இறங்கவேயில்லை.

செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, அம்மா அந்த நூறு போட்ட கார்ட ஃப்ரிட்ஜ்லயே ஒட்டி வச்சிருந்தாங்க. ஐ மீன், நாங்க கேலி பண்ணுவோம், ஒன்னே ஒன்னுதானே, ஜஸ்ட் சே நைன்ட்டி நைன்னு. அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. 'அவ எழுதினது தப்பா இருக்காது'ன்னு உங்களச் சொல்லிடுவாங்க."

நின்ற நிலையில் நான் செத்தேன் அக்கா. உங்களுக்குத் தெரிந்த உங்கள் மனதைவிட என் எழுத்தை நம்பியிருக்கிறீர்கள். நான் உங்கள் ஒரு சொல்லை நம்பவில்லை.

போன சனிக்கிழமை புதிதாக வந்த ஒரு பெண்ணோடு ஆட விட்டார்கள். முதல் குழியிலேயே ஓங்கி வீசினாள், பந்து அசையவில்லை. அடிக்கத்தான் வீசினாள் என்று என் கண் சத்தியம் பண்ணியது. "பிராக்டிஸ்" என்று சிரித்தாள். சரியென்று அதை எண்ணாமலே எழுதினேன், மறுபேச்சில்லாமல். முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டேன் அக்கா. உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லையே.