குறி போடாத மரம்

என் பிரியமுள்ள சுடலை மச்சானுக்கு,

செங்கோட்டை மலைப்பாதையில் கரி எஞ்சின் நின்று டீசல் வந்த வருசம். உம்ம தங்கச்சி எனக்கு மூத்தவளைப் பெத்த வருசம். அந்தப் பங்குனியில்தான் நாம நாலு பேரும் சத்தியம் பண்ணினோம். ஞாபகம் இருக்கா?

தேனெடுக்கப் போன இடத்தில் இருவாச்சிப் பறவையின் கூட்டைப் பார்த்தோம். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, கீறலளவு வாசல் வழியே ஆண் கொடுக்கிற அத்திப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. யாரும் தொடக்கூடாதென்று நீர்தான் அடிமரத்தில் அரிவாளால் மூணு வெட்டுப் போட்டீர். தேன்மரத்தில் குறி கிடந்தால் அடுத்தவன் கை வைக்கமாட்டான். நமக்கு வேறு என்ன தெரியும்?

குறியைப் பார்த்து உள்ளே தேன் இருக்கு என்று எவனோ திருடன் பொந்தை உடைத்துவிட்டான். அடைகாக்கையில் இறகு உதிர்ந்து கிடந்த பெட்டையால் பறந்து தப்ப முடியவில்லை. அப்புறமும் மூணு நாள் ஆண் பழத்தோடு வந்துகொண்டே இருந்தது. இனி எந்தக் கூட்டையும் யாருக்கும் காட்டுவதில்லை என்று அன்றைக்குத்தான் சத்தியம்.

மச்சான், நான் அதை மீறிட்டேன்.

தென்காசி தனி மாவட்டம் ஆனதை நீர் பார்க்கவில்லை. ஐந்தருவிப் பக்கம் வாடகைக்குத் தங்கி, கடையநல்லூர்ப் பிள்ளை செல்வி இருவாச்சியை ஆராய்ச்சி பண்ணுதா. வனத்துறை அனுமதி இருக்கு. படிக்கிற பிள்ளைகளுக்கு யாரோ கொடுக்கிற ஆராய்ச்சிப் பணம் ஒரு வருசத்துக்கு வந்தது. இந்தப் பங்குனிக்குள் ஒரு கூடாவது பார்த்தால்தான் மறுவருசமும் வரும். வந்தால் கூட்டுக்குக் காவல் போடலாமாம். இல்லையென்றால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலு தடவை வந்து கூடு எங்கே என்று கேட்டாள். நாலு தடவையும் தெரியாது என்றேன்.

"தெரியாத ஆளு எதுக்கு தாத்தா பங்குனிக்குப் பங்குனி தனியா மலையேறுதீங்க?"

பழைய கதை முழுக்கச் சொன்னேன். மரத்தில் நம்பர் தகடு அடிப்பியா என்று கேட்டேன். அடிக்கமாட்டாளாம்.

வருசாவருசம் நான் மட்டும் போய்ப் பார்க்கிற, குறி போடாத மரத்துக்குக் கூட்டிப்போனேன். ஆண் வந்து உட்கார்ந்தது. பொந்துக்குள்ளிருந்து அலகு நுனி வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. அவள் அழுதாள். நான் அழவில்லை என்றால் நம்புவீரா?

பணம் உண்டென்று பதில் வந்துவிட்டது.

எனக்கு எழுத்துத் தெரியாதே, இதையும் அவள்தான் எழுதுதா. மரம் எங்கே நிற்குது என்று உமக்குச் சொல்ல வாயெடுத்தேன். பேனாவைத் தூக்கிட்டா.

"அது மட்டும் வேண்டாம் தாத்தா."

முதல் காவல் நான்தான். குஞ்சு வெளியே வரும்வரைக்கும் அந்த மரத்தை விட்டு நகரமாட்டேன், சத்தியம். மீறினவன் சத்தியமா என்று சிரிக்காதேயும்.

அன்றைக்குக் கையடித்த நாலு பேரில் இசக்கி போனான், ஆறுமுகம் போனான், நீரும் போனீர். மிச்சம்,

உம்ம தங்கச்சி மாப்பிள்ளை
மாடசாமி