அப்பாவுக்குப் படித்துக் காட்டிய அத்தியாயம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் மூன்று வாரம். சொட்டு மருந்து நாலு வேளை, நான்தான் விடுகிறேன். எனக்கென்ன கேடு, இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின்கள் ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொள்கின்றன. அவற்றை எழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குப் படுக்க நேரமில்லை. புலம்பல் போதும்.

உன் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்று கோபித்திருந்தாய். ஸ்க்ரூ முடுக்குகிறவன் கருத்து எதற்கு? ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இந்திய ஆங்கில நாவல்களுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. கண் மட்டத்தில் உன்னை அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஸ்கேன் டாக்டரம்மா இரண்டு தடவை படித்துவிட்டார். எழுதியது என் அக்கா என்று சொல்லாமல், அப்படி என்னதான் இருக்கிறது இந்த மாதிரிப் புத்தகங்களில் என்று கேட்டேன். “வெளிநாட்டுக் கதைன்னா சும்மா வேடிக்கை பார்ப்பேன். தமிழ்ல படிச்சா வீட்டு ஆளுங்க எல்லாரும் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி கூச்சமா இருக்கும். இதுல நம்ம வீடேதான், ஆனா உள்ள தாழ் போட்டுக்கிட்டுப் படிக்கலாம்” என்றார். பிறகு, “அந்த அப்பன் இருக்கானே, கல்லு! பதினாலாவது அத்தியாயத்துல அழுதுட்டேன் தம்பி” என்றார். நான் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

நீயும் தாழ் போட்டுக்கொண்டுதான் எழுதினாய் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு எட்டாத பாஷை.

அந்தக் கல்லுக்குத்தான் இப்போது மருந்து விடுகிறேன். கறுப்புக் கண்ணாடியோடு சும்மா உட்கார முடியாமல் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். “ஊரே படிக்குதாம், பெத்தவனுக்குத் தெரிய வேணாமாடா? படிச்சுக் காட்டு.” பக்கத்தைக் கண்ணால் பார்ப்பேன், வாயில் வருகிற தமிழில் சொல்வேன். இப்படிப் பன்னிரண்டு நாள். பஸ் டிப்போ வருகிற இடத்தில் சத்தமாகச் சிரித்தார். “முதல் பஸ் அஞ்சேகாலுக்கு. அஞ்சரைன்னு எழுதியிருக்கா. டைம்கீப்பர் மகளாம், வெளிய சொல்லாத!”

பதினான்காவது அத்தியாயம் வந்தது. அம்மா வார்டில் கடைசி மூச்சோடு இருக்கிறாள். ஆள் விட்டுக் கூப்பிட்டும் வராமல் அப்பா டிப்போவில் கடிகாரத்தைப் பார்த்து பஸ்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. வார்டுக்கு வெளியே அந்த பெஞ்சில் உன் பக்கத்தில் எட்டு வயதில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எதிரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் அதை எப்படிப் படிப்பது? அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார், அம்மா கையைப் பிடித்துக்கொண்டார் என்று படித்துவிட்டேன்.

தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். “நான் போகலையேடா” என்றார். “உன் அக்காவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் வந்தேன்னு எழுதியிருக்கா பாரு.” இருபது வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்து நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் அந்த அத்தியாயம்தான். மூன்றாம் நாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். “நேத்து செருப்பில்லாம ஓடி வந்தான், இன்னிக்கு வாசல்ல செருப்பைக் கழட்டறான். எப்படிடா?” ஒரு வரி தவறிவிட்டது என்று சமாளித்தேன். இப்போது என் புளுகை அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் அதைப் பார்த்துத்தான் படிக்கிறேன்.

மிஷினில் ஒரு பாகம் கெட்டுப்போய், மாற்றுப் பாகம் வரத் தாமதமானால், அதைத் தாண்டி ஒரு ஒயரை இழுத்து ஓட்டுவோம். ரெண்டு நாளைக்கு என்றுதான் போடுவது. அப்புறம் அந்த ஒயரைப் பிடுங்கினால் மிஷினே நின்றுவிடும். நான் செய்த வேலை அதுதான்.

உன் கடிதம் நேற்று வந்தது. அடுத்த மாதம் நாவல் தமிழில் வருகிறது, முதல் பிரதியை அப்பா கையில் கொடுக்க நேரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டியாவது முதலில் எந்த அத்தியாயத்தைப் படிப்பார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தை மாற்று என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. புத்தகத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு முதலில் நீ வா. அவர் எதிரில் உட்கார். உனக்கு மனசிருந்தால், ‘அப்பா ஓடி வந்தார்’ என்று நான் உன் பேரில் சொன்னதை நீயே ஒரு தடவை சொல். மனசில்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எனக்கு எழுது. உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படியானாலும் நீ வருவதற்கு முன்பே, புளுகியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. சீக்கிரம் எழுது அக்கா, எனக்கு அலுத்துவிட்டது.

ஒவ்வொரு கடிதத்திலும் ‘அப்பாவின் ஆசீர்வாதம்’ என்று நானேதான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவரே வாயால் சொன்னார், எழுதச் சொன்னார். உன் ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்றும் கேட்கச் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டுமாம்.

உன் தம்பி,
ஸ்க்ரூ