இஸ்திரிப்பெட்டி வைக்கும் இடம்

ஓமஹா,
4 மார்ச் 1938

அன்புத் தங்கை வெர்லீனுக்கு,

அண்ணன் எல்வுட் எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நான் சுகம். நான் ஊதும் ட்ராம்போன் என்னைவிட சுகம்.

சனிக்கிழமை நாங்கள் வாசித்த கூடத்தில் தரை ஆடியது என்றால் நம்பமாட்டாய். எங்கள் தலைவர் ஹோரஸ் ப்ரிம் கையை ஒரு வெட்டு வெட்டினார். பதினாலு பேரும் ஒரே ஆள் மாதிரி எழுந்து ஊதினோம். கூடத்துக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, "ப்ரிம் சார், கொஞ்சம் மெதுவா வாசிங்க, கீழ்மாடியில சுண்ணாம்பு உதிருது" என்று கெஞ்சினார். ஊர் உலகமே இந்த ஸ்விங் ஆட்ட இசைக்குப் பைத்தியமாகிவிட்டது. பையன்கள் பெண்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களோடு பாடிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். ப்ரிம்மிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "சர்ச்சுல பாடுற பொண்ணா? ஸ்விங் வருமாப்பா?" என்றார். "சார், அவ துணி தேய்ச்சாலே ஸ்விங் வரும்" என்றேன். சலவைக்கடையை விட்டுவிட்டுக் கிளம்பு. மேடையோரம் உனக்கு நாற்காலி போடுவார்கள். பாட்டின் நடுவே எழுந்து ஒரு சரணம் பாடிவிட்டு உட்கார்ந்தால் போதும். இத்தனை தடியர்களுக்கு நடுவிலா என்று அம்மா கேட்பாள். நான் இருக்கிறேன் என்று சொல்.

உன் அண்ணன்,
எல்வுட்


நியூயார்க், ஹார்லெம்,
11 அக்டோபர் 1942

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா? சட்டை யார் தேய்த்துத் தருகிறார்கள்? நீயே தேய்க்கிறாய் என்றால் காலர் கருகியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

யுத்தம் என்று நம் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டதும், ரயிலில் இடம் வாத்தியக்காரர்களுக்கு மட்டும் என்று ப்ரிம் சொன்னாரே, அவர் மேல் எனக்கு இன்னும் வருத்தம்தான். நாலு வருஷமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு ரயில் டிக்கெட் இல்லை. இங்கே ஒரு சின்ன கிளப்பில் பாடுகிறேன். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்கள்.

இசைத்தட்டு வந்து நம் வேலையைப் பறிக்கிறது, தட்டுக் கம்பெனிகள் பங்கு தராவிட்டால் யாரும் பதிவுக்குப் போகமாட்டோம் என்று ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் சொன்னதே, இங்கே அதைப் பற்றித்தான் பேச்சு. நானும் சங்கத்தில் சேரப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். "பாடுறவங்களை நாங்க சேர்க்கிறதில்லம்மா. நீங்க வாத்தியக்காரங்க இல்லையே" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அவரு வாத்தியக்காரர்" என்றார். போகட்டும்.

அடிக்கடி எழுது.

உன் தங்கை,
வெர்லீன்


டல்சா,
17 ஜனவரி 1943

என் வாயாடித் தங்கைக்கு,

காலர் கருகியது உண்மைதான். எவன் சொன்னான் உனக்கு?

இரண்டு சாக்ஸபோன்காரர்களைப் பட்டாளத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ரயிலில் கறுப்பர் பெட்டியில் நின்றுகொண்டே வருகிறோம். ஷேட்ரக் தன் டிரம்மின் மேலேயே தூங்குகிறான். ஆனாலும் என் பாட்டு 'சனிக்கிழமைச் சட்டை'யை வாசிக்கும்போது பழைய பலம் வந்துவிடுகிறது. நினைவிருக்கிறதா? விச்சிட்டாவில், விடுதியில் கறுப்பர்களுக்கு அறை தராததால் ஒரு டீச்சர் வீட்டில் தங்கியிருந்தோம். நீ எல்லாருடைய சட்டைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் மூலையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் என் தனி வாசிப்பின் நடுவில் நீ இஸ்திரிப்பெட்டியைத் 'தொப்' என்று வைத்தாய். "ஏய், நடுவுல சத்தம் போடாதடி!" என்று கத்தினேன். "நீ நடுவுல மூச்சு விட்டுக்கயேன், உனக்கும் நல்லது" என்றாய். விட்டுப் பார்த்தேன். அந்த இடைவெளிதான் பாட்டையே தூக்கி நிறுத்தியது. இப்போதும் அங்கே நான் நிறுத்துவேன், ஷேட்ரக் ஒரே ஓர் அடி அடிப்பான், பெண்கள் காற்றில் பறப்பார்கள்.

வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளே அதைத்தான் பதிவு செய்யப் போகிறோம், ப்ரிம் வாக்குக் கொடுத்துவிட்டார். சரணம் நீதான். என் பெயர் தட்டில் வரப்போவது இதுதான் முதல்முறை. அதுவரை தொண்டையைப் பார்த்துக்கொள்.

நீ இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களின் வாசலில் நிற்பதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். "என் தங்கச்சியப் பத்தி எனக்குத் தெரியும், போடா" என்று அனுப்பிவிட்டேன்.

உன் அண்ணன்,
எல்வுட்


லிட்டில் ராக்,
19 ஜூன் 1943

வெர்லீன்,

இன்று மதியம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடையில் நாங்கள் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் யாரோ காசு போட்டான். உன் குரல் வந்தது. முதலில் சந்தோஷம்தான் பட்டேன், அதை மறைக்கவில்லை. "நம்ம பொண்ணுடா!" என்று ஷேட்ரக் மேஜையைத் தட்டினான்.

அப்புறம்தான் கவனித்தேன், பின்னால் வாத்தியமே இல்லை. வேலைநிறுத்தத்தில் எந்த வாத்தியக்காரன் போவான்? ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் 'ம்ம் ம்ம்' என்று முனகுகிறார்கள். சாக்ஸபோன்களுக்குப் பதில் முனகல். ட்ரம்பெட்டுகளுக்குப் பதில் முனகல். பாட்டு 'சனிக்கிழமைச் சட்டை'. எவனோ அதற்கு நிலா, காதல் என்று வேறு வார்த்தை போட்டிருக்கிறான். அதுகூடப் போகட்டும். என் தனி வாசிப்பு வந்தது. அதை ஒருவன் வாயாலேயே 'வா வா' என்று இழுக்கிறான்.

ஒருவரும் மெல்லவில்லை. "எல்வுட், இதை நாம இன்னும் பதிவே பண்ணலையே. இவனுங்களுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்று ஷேட்ரக் கேட்டான். எனக்குத் தெரியும். கேட்ட அவனுக்கும் தெரியும்.

இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். யுத்தத்தால் பிளேட்டு செய்யும் அரக்குக்குத் தட்டுப்பாடாம், "பழைய பிளேட்டு ஒண்ணு குடுத்தாத்தான் புதுசு தருவேன்" என்றான். என் பெட்டியில் இருந்தது நாம் எல்லாரும் சேர்ந்து செய்த தட்டு. அதைக் கொடுத்தேன். சாக்கில் எறிந்தான், உடைந்தது.

உன் தட்டைத் தங்கியிருக்கும் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இஸ்திரிப்பெட்டி வைக்கும் இடத்தில் அவர்கள் நிற்கவே இல்லை. முனகிக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தாயே, அதைச் சொல்லிக்கொடுக்க வாய் வரவில்லையா?

எல்வுட்


ஹார்லெம்,
27 ஜூன் 1943

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் யாருடைய வேலைநிறுத்தத்தை முறித்தேன்? சங்கத்து வாசலில் என்னை வாத்தியக்காரி இல்லை என்றார்கள். இன்று அதே சங்கத்துக்காரர்கள் என்னைத் துரோகி என்கிறார்கள். சேர்க்கும்போது ஆள் இல்லை, ஏசும்போது மட்டும் ஆளா?

நாலு வருஷம் ஒற்றைச் சரணம். நாலு வருஷம் எல்லாருடைய சட்டையும். பஸ் போனதும் முதலில் இறக்கிவிட்டது யாரை? அன்று ப்ரிம்மிடம் நீ ஒரு வார்த்தை பேசினாயா? ரயில் ஜன்னலிலிருந்து கையாட்டினாய். நான் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னவன் நீதான். பெட்டியை வைத்துக்கொண்டு நடைமேடையில் நின்றபோது உன் கைதான் எனக்குத் தெரிந்தது, நீ தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள், "உங்க பேண்டு வாசிக்கிற புது உருப்படி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்கள். அந்தப் பாட்டு பிறந்த அறையில் நானும் இருந்தேன். பாதி எனக்கும் சொந்தம் என்று நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

அந்த இடைவெளி பற்றி: பதிவு செய்பவர், "நடுவுல சத்தம் நின்னா பிளேட்டு பழுதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். விட்டுக்கொடுத்துவிட்டேன். அது தப்பு. அந்த ஒன்றுதான் தப்பு.

வெர்லீன்


நியூயார்க்,
3 நவம்பர் 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வருஷமாக நீ பதில் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காலுறைகள் மட்டும் திரும்பி வரவில்லை. அதனால் உன் கோபம் கணுக்காலுக்கு மேலேதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ப்ரிம் குழுவைக் கலைத்துவிட்டார் என்று பத்திரிகையில் படித்தேன். எத்தனை குழுக்கள் இந்த ஒரு வருஷத்தில்! கூடங்களுக்கு வரி, ஆட ஆளில்லை, எல்லாரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். சுவரொட்டியில் என் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

'சனிக்கிழமைச் சட்டை'யை வாத்தியங்களோடு மறுபடி பதிவு செய்யப் போகிறார்கள். ட்ராம்போன் என் அண்ணன்தான், இல்லையென்றால் நான் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வா அண்ணா. அந்த இடத்தில் நிறுத்தித்தான் நீ வாசிப்பாய். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு தடவை நம்பு.

உன் தங்கை,
வெர்லீன்


கான்சாஸ் சிட்டி,
8 டிசம்பர் 1946

வெர்லீனுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பதிவு முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று தேடியிருப்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாத ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் வேலைநிறுத்தம் முடிந்ததும் ப்ரிம் என் பாட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். "இது அந்தப் பொண்ணு பாடினதாச்சே, பழசு" என்று அனுப்பிவிட்டார்கள். டென்வரில் அதை வாசித்துவிட்டு இறங்கினேன். ஒரு பையன் வந்து, "அண்ணே, பிளேட்டுல இருக்கிற மாதிரியே வாசிக்க நல்லாக் கத்துக்கிட்டீங்க, ஆனா நடுவுல ஒரு இடத்துல மறந்துட்டீங்க" என்றான். எனக்கே என் பாட்டைத் திருத்திக்கொடுத்தான். அதையும் விழுங்கிக்கொண்டுதான் உன்னிடம் வந்தேன். நம்பித்தான் வந்தேன்.

வயலின்காரர்கள் நிறைந்த அறை. எனக்குக் கடைசி மூலை. நீ கண்ணாடி அறைக்குள், காதில் கருவியோடு. என் முறை வந்தது, வாசித்தேன், அந்த இடத்தில் நிறுத்தினேன். நடத்துபவர் குச்சியைத் தட்டினார். "ஏன் சார் நின்னுட்டீங்க?" "அங்க மூச்சு விடுவேன் சார்." "ரெக்கார்டுல அப்படி இல்லையே?" எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். அப்புறம் ஒலிபெருக்கியில் உன் குரல் வந்தது: "அண்ணா, ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசிச்சிடேன். ஜனங்களுக்கு அதுதான் பழக்கம்."

ரயில் ஜன்னல் பற்றி நீ எழுதியது சரி. அன்று நான் பேசியிருக்க வேண்டும். அது மூன்று வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது, அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை. பாட்டில் பாதி உனக்குச் சொந்தமில்லை என்று நான் நினைத்ததாக எழுதியிருந்தாய். உன் பாதி எது என்று ஒவ்வொரு ராத்திரியும் மேடையில் வாயை எடுத்து, நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ நாற்காலியில் இருந்த நாளிலும், நீ இல்லாத நாளிலும்.

நீ சொன்னபடியே மூச்சு விடாமல் வாசித்தேன். "பிரமாதம்" என்றார் நடத்துபவர். ட்ராம்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

இங்கே சனிக்கிழமைகளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று பேராக வாசிக்கிறோம். நேற்று அந்தப் பாட்டைக் கேட்டார்கள். நிறுத்தாமலே வாசித்து முடித்துவிட்டேன். அந்த இடத்தில் நின்று காத்திருக்க இனி எனக்கு யாரும் இல்லை.

எல்வுட் டக்கெட்