மாடிக்குக் குடிவந்த துரைசானியும் செங்கமலத்தின் ஜாதகமும்

என் ஆசை அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வேன்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆறு வயசுப் பெண்ணை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாய். அந்தச் செங்கமலம் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பதறாதே, பெண் சுகமாகத்தான் இருக்கிறாள்.

அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீட்டு மாடி சும்மா கிடந்ததல்லவா? அதில் இப்போது ஒரு வெள்ளைக்காரத் துரைசானி குடியிருக்கிறாள். சிரிக்காதே! செங்கமலத்தின் பள்ளிக்கூட டீச்சரம்மா அழைத்து வந்தார். கண்டோன்மெண்டில் பங்களாவும் பட்லரும் காத்திருக்க, இவளுக்கு ஸ்ரீரங்கத்தில் நம்மைப் போல மூன்று மாதம் குடியிருந்து பார்க்க வேண்டுமாம். மதராஸில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவள். "அம்மையே, நான் தங்களைப் போலவே உண்டு, உறங்கி, வாழ்ந்து பார்க்க விரும்புகிறேன்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கப்பலேறி வந்து பார்க்கும்படி நம் பிழைப்பில் என்ன கொட்டிக் கிடக்கிறது? கிணற்றில் தண்ணீர் இறைப்பதையும் ஈர விறகை ஊதுவதையும் பார்க்கவா வந்தாள்? இவரோ, "டீச்சரம்மா சொல்லி வந்திருக்காங்க. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

வந்தவள் சும்மா இருந்தாளா? வேப்பங்குச்சியால் பல் துலக்கினாள். கூடத்தில் சம்மணம் போட்டு, ரசம் முழங்கை வரை வழிய இலையில் சாப்பிட்டாள். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது சி.ஐ.டி.தாங்க. கதர் கட்டுறவங்க யாரு யாருன்னு எழுதிக்கிட்டுப் போக வந்திருக்கு" என்றார். எனக்கு அந்தப் பயமில்லை. எங்கள் வீட்டில் போலீஸ் பிடித்துக்கொண்டு போக என்ன இருக்கிறது, இவருடைய பொடி டப்பாவைத் தவிர? என் பயமெல்லாம் செங்கமலத்தைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்கு ஓடுவாள். மேலே ஒரே குசுகுசுப்பு. நான் படியேறினால் பேச்சு நின்றுவிடும். கிறிஸ்து வேதத்தில் சேர்த்துவிடுவாளோ, கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து முசிறியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வாழைத்தோட்டம், சொந்த வீடு. மாப்பிள்ளைக்கு முதல் தாரம் தவறிவிட்டது, வயசு முப்பத்திரண்டு. கூடுதல்தான். ஆனால் தாயில்லாத பெண், அப்பனும் ரங்கூனில் வேறு குடும்பம் என்று ஆகிவிட்டான், இதைவிட என்ன வரப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜாதகம் அனுப்பச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்தால் ஜாதகத்தைக் காணோம்!

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பரண், அரிசிப் பானை, பெருமாள் படத்துக்குப் பின்னால், எங்கும் இல்லை. துரைசானி கோவில் பக்கம் போயிருந்தாள். மாடி அறைக்கு இன்னொரு சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஏறிப் போய்த் திறந்தேன். அவளுடைய டிரங்குப் பெட்டியில், மடித்து வைத்த கவுன்களுக்கு அடியில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவின நம் செங்கமலத்தின் ஜாதகம்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. கப்பல் டிக்கெட்டுக்கு வயசு காட்டத்தான் எடுத்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "திருடி! எங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போகத்தானே குடிவந்தே? இந்த நிமிஷமே கிளம்பு!" தெருவே கூடிவிட்டது. அவள் முகம் சிவந்ததே தவிர வாய் திறக்கவில்லை. பெட்டியை ஜட்காவில் ஏற்றினாள், எனக்கு ஒரு கும்பிடு போட்டாள், போய்விட்டாள்.

செங்கமலம் வந்தாள். விஷயம் தெரிந்ததும் புத்தகங்களை அப்படியே கீழே போட்டாள்.

"அவங்க திருடலை சித்தி. நான்தான் குடுத்தேன்."

"ஏன்டி?"

"ஜாதகம் இல்லாட்டி முசிறிக்காரங்க மேல பேசமாட்டாங்கல்ல. எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? ஒளிச்சு வெக்கலாம்னா, இந்த வீட்டுல உங்க கை படாத இடம் எது இருக்கு? என் தலைகாணி உறையைக்கூட உதறிப் பாக்குறீங்க. அவங்க பெட்டியை மட்டும் தொடமாட்டீங்கன்னு நெனச்சேன். அதையும் தொறந்துட்டீங்க. பாவம், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

அக்கா, செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. ஒன்பது வருஷம் தலைவாரிப் பூ வைத்துச் சோறு ஊட்டின என்னை நம்பாமல், இரண்டு மாதம் பழகின ஒரு வெள்ளைக்காரியை நம்பியிருக்கிறாள். அவளும் அந்த நம்பிக்கைக்காக நடுத்தெருவில் திருட்டுப்பட்டம் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நானாக இருந்தால் போயிருப்பேனா?

மறுநாள் காலையில் ஜட்காக்காரரை விசாரித்து, ஜங்ஷன் பக்கத்தில் அவள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். "தப்புப் பண்ணிட்டேங்க. வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"தங்களுக்கு இப்பொழுது என்மீது நம்பிக்கை உண்டா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழுசா இல்லைங்க. இருந்தாலும் வாங்க."

சிரித்துவிட்டாள். திரும்பியும் வந்துவிட்டாள். எதற்காக வந்திருக்கிறாள், அந்த நோட்டில் என்ன எழுதுகிறாள் என்பதெல்லாம் இன்னமும் எனக்கு விளங்கவில்லை. போகட்டும், எழுதிவிட்டுப் போகிறாள்.

முசிறிக்கு ஆள் அனுப்பி, பெண் படிக்கிறாள், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டோம். பிறகு ஜாதகத்தை எடுத்துச் செங்கமலத்தின் கையிலேயே கொடுத்தேன். "நீயே வெச்சுக்க. என்னைக்கு வேணும்னு தோணுதோ, அன்னைக்கு நீயா கொண்டாந்து குடு."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வளர்ப்பல்லவா, வேறு எப்படிப் பார்ப்பாள்? வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுபடியும் எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

இன்றோடு நாலு நாள் ஆகிறது. அவள் பள்ளிக்கூடம் போனதும் வீடு காலி. என் கை பரபரவென்று வருகிறது. அவளுடைய துணிப்பெட்டி என் கண்ணெதிரேதான் இருக்கிறது, பூட்டுக்கூடக் கிடையாது. உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அக்கா. நான் தேட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெண்ணை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்ட
உன் தங்கை