அங்கம்மாளின் பொத்தான்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை ஏழே காலுக்கு ஒரு முறை, பத்து நாற்பதுக்கு ஒரு முறை. பொத்தான் இன்று இரண்டு தடவை ஏமாற்றியது. இரண்டாவது தடவை அங்கம்மாள் எவ்வளவு நேரமாக அழுத்திக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. தற்செயலாக நான் அறைக்குள் போனபோது இடது கைக் கட்டைவிரலால் அதை நசுக்கிக்கொண்டிருந்தாள். நகம் வெளுத்திருந்தது.

ஏற்பாடு என்னவென்று ஒரு முறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கோளாறைத் தேட உதவும்.

கட்டில் சட்டத்தில் ஒட்டிய வெள்ளைப் பொத்தான், தீப்பெட்டியில் பாதி அளவு. அழுத்தினால் கம்பியில்லாமல் ஒரு சேதி போகும். ஹாலில் சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் செருகியிருக்கும் யு.எஸ்.பி. டாங்கிள் அந்தச் சேதியை வாங்கும். பெட்டி உடனே ஹால் விளக்கை மூன்று முறை அணைத்து எரிய வைக்கும். என் கைபேசியும் அடிக்கும். ஒரு அழுத்து என்றால் வா. இரண்டு அழுத்து என்றால் பாத்ரூம். நவம்பரில் பக்கவாதம் வந்து என் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போனபோது, மகன் அறிவு பெங்களூரிலிருந்து வந்து இரண்டே நாளில் இதைப் பொருத்திவிட்டுப் போனான். ஜனவரி கடைசி வரை ஒரு குறையும் இல்லை.

அவளுக்கு எல்லாம் புரிகிறது. சொல்லத்தான் வரவில்லை. இந்தப் பொத்தான் இல்லையென்றால் என்னைக் கூப்பிட அவளுக்கு வேறு வழி கிடையாது.

பிப்ரவரி 12, புதன்

அழுத்தும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடச் சொன்னேன். கொட்டை 14. எனக்கு வந்து சேர்ந்தது 9.

பிப்ரவரி 14, வெள்ளி

அறிவு போனில் விளக்கினான். "பெட்டியில இருக்கற சாஃப்ட்வேர் தானா அப்டேட் ஆயிருக்குதுங்கப்பா. டாங்கிள்ல ஃபர்ம்வேர் பழசு. ரெண்டும் ஒத்துப் போகல. டாங்கிளக் கழட்டி உங்க லேப்டாப்புல சொருகி, புது ஃபர்ம்வேர ஏத்தணும். பத்து நிமிஷ வேலைங்கப்பா."

ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் ஆணையாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தானாக மாறச் சொல்லி யார் கேட்டது? "செக்யூரிட்டிங்கப்பா" என்றான். என் மனைவி தண்ணீர் கேட்பதை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் அனிதா இன்று கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பட்டன் வந்ததுலருந்து அம்மா வாயத் தொறந்து பாக்கறதே இல்ல. பேசறதுக்கு ஒரு தேவை இருக்கணும் சார்."

"பட்டன் இல்லாம, எந்திரிக்கப் போயி உழுந்தா?"

"நான் எடுக்கச் சொல்லல சார்."

பிறகு எதற்குச் சொன்னாள்? செவ்வாயும் வெள்ளியும் முக்கால் மணி நேரம் வந்துபோகிறவளுக்குக் கருத்துச் சொல்வது சுலபம். இது கருத்து. தகவல் அல்ல. அப்படித்தான் குறித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பத்து நிமிஷ வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். ஒன்றரைக்கு எழுந்தேன்.

டாங்கிள் தடிமன். லேப்டாப்பில் மவுஸ் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் நுழையவில்லை. ஒரு நீட்டிப்பு ஒயரைத் தேடி எடுத்து அதன் வழியாகச் செருகினேன். லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் இல்லாததுதான் காரணம் என்று அறிவு சொன்னான். டிரைவர் என்பது லேப்டாப்புக்கும் டாங்கிளுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன். அதை இறக்கப் போன பக்கத்தில் மூன்று பச்சைப் பட்டைகள், மூன்றிலும் 'பதிவிறக்கு'. முதலாவது எனக்கு ஏதோ விளையாட்டைக் கொடுத்தது. இரண்டாவது, லேப்டாப்பில் முந்நூறு கோளாறு இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்தியது. மூன்றாவதுதான் டிரைவர். நான்கு முறை நிறுவினேன். நான்கு முறையும் 'வெற்றி' என்று வந்தது. டாங்கிள் மட்டும் தெரியவில்லை.

எதில் வெற்றி?

டாங்கிள் என் கையில் இருக்கும் நேரத்தில் பொத்தான் வேலை செய்யாது. அதனால் அவளிடம் எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் கொடுத்திருந்தேன். நாலரை மணி நேரத்தில் ஆறு முறை தட்டினாள். ஆறாவது முறை போனபோது, டம்ளரை நீட்டி அதிலேயே தண்ணீர் வேண்டும் என்று காட்டினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

ஏற்காடு ரோட்டில் யோகேஷின் கம்ப்யூட்டர் கடை. லேப்டாப், டாங்கிள், ஒயர் மூன்றையும் மேசையில் வைத்தேன். அவன் ஒயரை மட்டும் கையில் எடுத்தான்.

"இது எதுக்கு வந்த ஒயரு சார்?"

யோசித்தேன். "டேபிள் ஃபேனுக்கு."

"அதான். கரண்ட் மட்டும் போவும், டேட்டா போவாது. நாப்பது வருஷமா ஊரு தப்பெல்லாம் புடிச்சு பேப்பர்ல போட்டீங்க, ஒயர உட்டுட்டீங்களே சார்."

கடையில் இருந்த இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மவுஸைப் பிடுங்கிவிட்டு டாங்கிளை நேராகச் செருகினான். உடனே தெரிந்தது, மஞ்சள் முக்கோணத்தோடு. நான் நான்கு முறை நிறுவியது வேறொரு சிப்புக்கான டிரைவராம். அதை நீக்கிச் சரியானதைப் போட்டான். முக்கோணம் போய்விட்டது. ஏழு நிமிடம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கொட்டை 16. வந்தது 7. அனிதா வந்தாள். அங்கம்மாள் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

11:10. அவளிடம் மறுபடி டம்ளரையும் ஸ்பூனையும் கொடுத்துவிட்டு டாங்கிளை லேப்டாப்பில் செருகினேன். அடுத்த தெருவில் போர்வெல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

11:25. டாங்கிளின் பக்கவாட்டில் ஒரு துளை. அதற்குள் இருக்கும் குட்டிப் பொத்தானை ஊசியால் அழுத்திக்கொண்டே செருகினால்தான் ஃபர்ம்வேர் ஏறும். மூன்றாவது முயற்சியில் ஏறத் தொடங்கியது.

11:38. 'வெற்றி'. பெட்டியில் மாட்டினேன். டாங்கிளே இல்லை என்றது பெட்டி.

11:45. காரணம் தெரிந்தது. தளத்தில் இரண்டு கோப்புகள். ஒன்று, டாங்கிள் எல்லாக் கருவிகளுக்கும் தலைமையாக நிற்பதற்கு. இன்னொன்று, வரும் சேதியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் எடுபிடியாக இருப்பதற்கு. பெயர் கடைசியில்தான் வேறுபடுகிறது. நான் முன்பாதியைப் படித்துவிட்டு ஏற்றியிருக்கிறேன். நாற்பது வருடம் அடுத்தவன் பிழையைத் திருத்திய கண். தலைமையை எடுபிடியாக்கிவிட்டேன். பெட்டி அதை எப்படி ஏற்கும்?

11:52. குழாய் சேர்ப்பதற்காகப் போர்வெல் வண்டியை நிறுத்தினார்கள். திடீரென்று அமைதி. அந்த அமைதியில் உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

"சனியனே."

ஓடினேன். ஸ்பூன் தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் தட்டினாளோ, எப்போது அது கைதவறி விழுந்ததோ. வண்டிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. படுக்கை நனைந்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான்—என்ன சொல்ல— விரிப்பை மாற்றினேன், சேலையை மாற்றினேன். "உட்றா சாமி, உட்றா, என் தப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் கேட்டது நிஜமா? மூன்று மாதமாக 'ஆ' என்பதற்கு மேல் ஒன்றும் வராத வாய். "என்ன சொன்ன அங்கம்மா? இன்னொருக்கா சொல்லு" என்றேன். பார்த்தாள். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் போர்வெல் வண்டி இரைச்சலில் இருந்த காது. சாட்சி நான் ஒருவன். ஒருவர் மட்டும் சொன்ன சேதியை நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அறிவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

அனிதாவிடம் மட்டும், உறுதியில்லை என்ற குறிப்போடு சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"வரும் சார். யோசிச்சுப் பேசற பேச்சு வேற, தானா வாயில வர்ற பேச்சு வேற. திட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, சாமி பேரு, தினம் கூப்பிடற கூப்பாடு, இதெல்லாம்தான் மொதல்ல வரும். அம்மா வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏனுங்கன்னு."

"அப்ப அதுவும் உள்ள இருக்கும்."

அங்கம்மாளிடம் போய், "நேத்து சாரத் திட்டுனீங்களாமே! என்கிட்டயும் ஒரு தடவ திட்டிக் காட்டுங்கம்மா" என்றாள். அங்கம்மாள் என்னை முறைத்தாள். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கோபம்.

போகும்போது அனிதா கேட்டாள்: பொத்தான் சரியான பிறகும், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு வாரம் அது இல்லாமல் இருக்க முடியுமா? முடியாது என்றேன். நேற்று அந்த விரிப்பை அலசியவன் நான். அவள் அல்ல.

பிப்ரவரி 22, சனி

டம்ளருக்குப் பதில் பூஜை மணி. கை வலிக்க ஆட்டுகிறாள். பேச்சு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அறிவு வீடியோவில் வந்தான். கோப்பின் பெயரைக் கடைசி எழுத்து வரை அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஏற்றினேன். "அப்பா, நான் நம்பறனுங்கப்பா" என்றான். "நான் நம்பலடா" என்றேன்.

ஏறியது. பெட்டி ஏற்றுக்கொண்டது. எடுபிடி மறுபடி தலைமையானது. ஆனால் பழைய உறவையெல்லாம் மறந்துவிட்டதாம். பொத்தானையும் விளக்கையும் புதிதாக ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. டாங்கிளைப் பெட்டியின் மேலேயே ஒட்டி வைத்தால் சமிக்ஞை கெடும் என்று அறிவு சொன்னதால், யோகேஷ் கடையில் சரியான ஒயர் வாங்கி ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டேன்.

சோதனை: ஒற்றை அழுத்து இருபது, இருபதும் வந்தது. இரட்டை அழுத்து பத்து, பத்தும் வந்தது. தாமதம் ஒரு நொடிக்கும் குறைவு.

நாலு மணிக்கு விளக்கு மினுக்கியது. போனேன். ஜன்னலைக் காட்டினாள். சாத்தினேன். ஐந்தரைக்கு மினுக்கியது. போர்வை. ஆறே காலுக்கு மினுக்கியது. டி.வி. எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை.

இதற்குத்தானே பன்னிரண்டு நாள் அல்லாடினேன்? பிறகு ஏன் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது?

பிப்ரவரி 25, செவ்வாய்

வியாழனுக்குப் பிறகு ஐந்து நாள். ஒரு சொல் இல்லை. நானே அனிதாவிடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று.

ஒரு நிபந்தனை வைத்தேன்: இரட்டை அழுத்து வந்தால் ஓடிவிடுவேன். அதில் பேச்சில்லை. ஒற்றை அழுத்துக்கு மட்டும் போகாமல் இருப்பேன். அனிதா சரி என்றாள். கதவிடுக்கு வழியாகக் கட்டில் தெரியும்படி ஹாலில் இருவரும் உட்கார்ந்தோம். அங்கம்மாளின் கைக்கு எட்டாத தூரத்தில், அவள் அறையிலிருக்கும் டி.வி.யின் ரிமோட்டை வைத்துவிட்டு வந்திருந்தாள் அனிதா. அங்கம்மாள் பார்க்கும் சீரியல் மறு ஒளிபரப்பு பதினொன்றுக்கு.

11:05. விளக்கு மினுக்கியது. நான் எழுந்தேன். அனிதா வேண்டாமென்று தலையசைத்தாள். உட்கார்ந்தேன்.
11:06. மினுக்கியது.
11:06. மறுபடி.
11:08. மறுபடி. அழுத்தியதெல்லாம் வந்து சேர்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு சரியாக வேலை செய்து தொலைக்க வேண்டுமா?
11:09. "போயிட்டு வந்தர்றேன்ம்மா" என்றேன். "இருங்க சார்."
11:11. இரண்டு முறை, தனித்தனியாக.

அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததையும் எழுதிவிடுகிறேன். முன்பெல்லாம் பத்திரிகைக்குச் சேதி அனுப்பும் மும்முரத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்பாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க மாட்டேன். இரண்டாவது "ஏனுங்க" கொஞ்சம் உரக்க வரும். மூன்றாவதற்குத்தான் எழுவேன். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான். போகாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. இன்றுபோல் அது கஷ்டமாக இருந்ததில்லை.

11:13. மினுக்கியது. பொத்தானைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வாய் கோணியது.

"ஏ..."

அனிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏ... னு..." மூச்சு வாங்கினாள். "ஏனு... ங்க!"

நான் எழுவதற்குள், பிசிறில்லாமல், தெளிவாக: "சனியனே!"

11:14. கேட்டது இருவர். இனி எழுதலாம்.

உள்ளே ஓடி, "யாரச் சொன்ன? அந்த டாங்கிளையா, என்னையா?" என்றேன். இடது கையை நீட்டி, ஒரு சந்தேகமும் இல்லாமல், என்னைக் காட்டினாள். அனிதா சிரித்ததில் அங்கம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அறிவிடம் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். பிறகு கேட்டான்: "அப்ப டாங்கிள் சரியா வேலை செய்யுதுங்களாப்பா?"

மார்ச் 1, சனி

ஏனுங்க: 6. சனியன்: 4. தண்ணி: 1. அது புதிது. ஒற்றை அழுத்து: 3. இரட்டை அழுத்து: 5. எல்லாம் வந்து சேர்ந்தன.

மார்ச் 13, வியாழன்

பெட்டியின் கணக்கைக் கைபேசியில் திறந்து பார்த்தேன். பொத்தானின் பேட்டரி 97 சதவீதம். இரட்டை அழுத்து கடைசியாக இன்று காலை. ஒற்றை அழுத்து கடைசியாக ஒன்பது நாளுக்கு முன்.

இன்று அவள் கூப்பிட்டது மதியத்துக்குள்ளேயே பதினேழு முறை. தண்ணி, ஜன்னல், ஜன்னல் மறுபடி, தலையணை, ரிமோட். ஒரு தடவை ஒன்றுமே இல்லை. போய் நின்றேன். பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையசைத்தாள். ஒரு பத்தி எழுத இரண்டு மணி நேரமாகிறது. வாரக் கட்டுரையை நாளைக்குள் அனுப்ப வேண்டும், எப்படி அனுப்புவது?

டாங்கிளுக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருப்பதாகப் பெட்டி சொல்கிறது. இப்போதே புதுப்பிக்கவா என்று கேட்கிறது. பத்து நிமிஷம்தானாம்.

இரண்டாவது முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது என்னவாக இருக்கும் என்று தெரியும். வாரேன்.