ஒண்ணாந்தேதிக் கை

ஜூன் 9, 2025, திங்கள்

லாரி ஆபீஸில் இனிமேல் பத்தாம் தேதிதான் சம்பளமாம். முதலாளி மகன் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்றுகிறானாம். இவர் அதைச் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீ போய் தேவிகிட்டக் கேட்டுரு புள்ள, வாடகையப் பத்துக்கு மேல தர்றோம்னு" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நாளைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நாக்பூர் போய்விடுவார்.

ஏன், நீங்களே கேட்கலாமே, கீழே இருப்பது உங்கள் தம்பி குடும்பம்தானே என்றேன். தம்பியிடம் வாடகைத் தேதி பேச வெட்கமாக இருக்கிறதாம். எனக்கு வெட்கம் கிடையாது போல.

தேவிப்ரியா என் ஓரகத்தி. கொழுந்தன் பூபதியின் பெண்டாட்டி. நான் மூத்த மருமகளாக வந்து எட்டு வருஷம் கழித்து வந்தவள். அவள் கல்யாணத்தன்று பட்டுச்சேலைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டது நான்தான். இன்றைக்கு அவள் வீட்டுக்காரி, நான் மாடியில் பின்பக்கத்து வாடகைக்காரி. எருமப்பட்டி நிலத்தை விற்றபோது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே பங்குதான் வந்தது. பூபதி போர் போடும் ரிக் வண்டி வாங்கினார். இவர் ஒரு பழைய லாரி வாங்கினார். லாரி இரும்புக் கடைக்குப் போயிற்று, இவர் அடுத்தவர் லாரியை ஓட்டுகிறார். ரிக் என்ன ஆயிற்று என்பதைக் கீழே இருக்கிற கேட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஜூன் 12, வியாழன்

கேட்கப் போனேன். வாசலில் புது வாஷிங் மெஷின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "பாத்து, பாத்து, கதவுல இடிக்காதீங்க" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். துணி துவைத்து ஊறிப்போன கையோடு நின்று பார்த்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

இன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அந்த மரியாதைக்கெல்லாம் குறைச்சலே இல்லை. நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, எதுன்னாலும் கேளுங்க. தேதி மட்டும் மாத்த வேண்டாமுங்க்கா. ஒண்ணாந்தேதியே இருக்கட்டும்."

"சம்பளமே பத்துக்குத்தான் வருது சாமி."

"எப்படியாச்சும் பொரட்டிக் குடுத்தருங்க்கா."

சரி, கையில் வர வர ஜிபேயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடட்டுமா என்றேன். பதறிப்போனாள். "ஐயோ, போன்ல எல்லாம் வேண்டாமுங்க்கா. எப்பவும் போல விடியக்காலம் நான் வெளக்கு வெக்கறப்ப வந்து கையிலயே குடுங்க."

எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள். காரணம் எனக்குத் தெரியாதா என்ன? மூத்தவள் மாதா மாதம் படி இறங்கி வரவேண்டும். சாமி விளக்கு முன்னால் நின்று இளையவள் கையில் பணம் வைக்க வேண்டும். இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்குவாள். இரண்டு வருஷமாக அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். கொடுக்கிற கைதான் எப்போதும் மேலே இருக்கும் என்று சொல்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

பொறாமைதான். எழுதினால் என்ன? நோட்டு என்னுடையது.

ஜூன் 15, ஞாயிறு

அவளுக்கு முடிகூடக் கொட்டுவதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எதிர் வீட்டில் கைமாற்று வாங்கி, குளித்துவிட்டு, இறங்கிப் போனேன். போகும்போதே ஒரு சாக்கு தோன்றியது. "தேவி, இன்னிக்குச் செவ்வாக்கெழமை. கைக்காசு வெளிய போனா லச்சுமி போயிரும்னு சொல்லுவாங்க. நாளைக்குத் தரட்டுமா?" என்றேன்.

"உங்க ஊட்டு லச்சுமி எங்க ஊட்டுக்குத்தானுங்க்கா வருது. வெளிய எங்க போகுது?" என்று சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டினாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் — எப்படிச் சொல்லலாம்? எங்கள் வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்சமும் அவளுக்குத்தானா? மத்தியானம் சோறு இறங்கவில்லை. அபிநயா பள்ளிக்கூடம் விட்டு வந்து, "என்னம்மா, மொகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்குது?" என்றாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் சித்தியைப் பற்றி என்ன சொல்வது?

ஜூலை 20, ஞாயிறு

மழைக்கு ரிக் வேலை நின்றதால் பூபதி ஊருக்கு வந்திருக்கிறார். இன்று ஒரு சீப்புப் பழத்தோடு மாடிக்கு வந்தார். தேவி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

"அண்ணி, தேதிய மாத்தலீன்னு தேவி மேல கோவமாங்க?" என்றார். எனக்கென்ன கோபம் என்றேன். அந்தப் பொய்யை அவரும் நம்பவில்லை.

"நீங்க குடி வந்த வருசம் நெனவு இருக்குதுங்களா? எங்க போர் எறக்குனாலும் புழுதிதான் வந்துது. கடனக் கட்ட முடியாம வண்டியையே குடுத்தரலாமுன்னு இருந்தனுங்க. ஒண்ணாந்தேதி விடியக்காலம் நீங்க மொத வாடகைய தேவி கையில குடுத்தீங்க. அன்னிக்கு மத்தியானமே போன் வந்துது, தண்ணி பீச்சி அடிச்சிருச்சுன்னு. அப்பறம் வண்டி நிக்கவே இல்லீங்க. மாசம் பொறந்தா மொதக் காசு உங்க கையிலதான் வாங்கோணும்னு அவ வெச்சிருக்கறா. வெளிய சொன்னா ராசி போயிருமாம். நான் சொன்னதச் சொல்லிப் போடாதீங்க."

அவர் போனபிறகு கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோப்பு அரித்த கை. தோசைக்கல் சுட்ட தழும்பு ஒன்று. இதுவா?

"கைரேகை பாக்கறயாம்மா?" என்று கேட்டுவிட்டு அபி போனாள்.

ஜூலை 21, திங்கள்

காலையில் எழுந்ததும் சந்தோஷமாக இருந்தது. பல் விளக்கி முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. கை என்னுடையது, ராசி மட்டும் அவளுக்கா? நான் ரசம் வைத்தாலும் இந்தக் கைதான், இவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாலும் இந்தக் கைதான். எங்கள் லாரி மட்டும் எதற்கு இரும்புக் கடைக்குப் போனது?

ஆனாலும் கீழே போகும்போது அந்த கேட்டைப் புதிதாகப் பார்த்தேன். வாஷிங் மெஷின் சத்தம்கூட முன்னைப் போல எரிச்சலாக இல்லை. எல்லாம் என் கையால் வந்ததல்லவா!

ராத்திரி இவர் போனில் கேட்டார்: "தேதி மறுபடியும் கேட்டயா?"

"வேண்டாமுங்க. ஒண்ணாந்தேதியே குடுத்துக்கலாம்."

"பணத்துக்கு எங்க போவ?"

"நான் பாத்துக்கறேன்."

ஆகஸ்ட் 1, ஆடி வெள்ளி

மஞ்சள் பூசிக் குளித்து, ஜலகண்டாபுரத்தில் எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் போனேன். "அக்கா எந்திரிச்சுட்டாங்களா, பாருங்க" என்று அவள் பூபதியிடம் கேட்பது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. இன்னும் கொஞ்சம் நின்றேன்.

விளக்கு முன்னால் அவள் கையை ஏந்தினாள். பணத்தை உடனே வைக்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவள் ஏந்திய கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அம்மன் கோயில் பூசாரிக்கு இருக்கிற மிடுக்கு எனக்கு வந்துவிட்டது. கைமாற்றுப் பணம்தான். எதிர் வீட்டுக்காரி இந்த மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தாள். சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாடியில் முன்பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. புதுசாகக் கல்யாணமான ஜோடி. பெண் பேர் பிரவீனா. புருஷன் மளிகை மொத்தக் கடையில் வேலையாம். விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். பிரவீனா அட்வான்ஸ் பணத்தைத் தேவி கையில் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயந்தரம் பூபதிக்குப் போன் வந்தது. சத்தீஸ்கரில் இந்த சீசன் முழுவதும் வேலையாம், இன்னொரு ரிக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். தேவி லட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தாள். முதலில் முன்பக்கத்துக் கதவைத் தட்டினாள். அங்கே ஒரு டப்பா. எனக்கு ஒரு தட்டில் நாலு.

லட்டு கசக்குமா? கசந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

இறங்கிப் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. விளக்கு முன்னால், நான் நிற்கிற இடத்தில், பிரவீனா நின்றாள். ஈரத்தலையில் துண்டு. தேவி இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். நான் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அட, அக்கா! நீங்க அன்னிக்குக் கேட்டீங்கல்ல, பத்தாந்தேதின்னு? அப்படியே குடுங்க, போதும். பாவம், உங்கள நான் ரொம்பத்தான் சிரமப்படுத்திப் போட்டேன். போன்ல போட்டாலும் செரிங்க்கா."

அவள் குரலில் கள்ளம் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். கேட்டது கிடைத்துவிட்டது. கொண்டுபோன பணத்தோடு படியேறினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இவருக்குப் போனில் சொன்னேன். "பாத்தயா? தேவி தங்கமான புள்ள" என்றார். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

ஜிபேயில் வாடகை போட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

அந்தப் பிரவீனாவிடம் அப்படி என்ன இருக்கிறது? மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய்த் தொட்டி வழிகிறது. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை மாடி முழுக்க வருகிறது. கையைப் பார்த்தேன். மருதாணி பாதி அழிந்த சின்னக் கை, நகத்தில் அழுக்கு. நேற்று வந்தவள்! அவளுக்குத் தேவி தினமும் பூ கொடுத்து விடுகிறாள்.

அன்றைக்குப் போன் வந்ததற்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆகஸ்ட் மாதத்துக்கு மொதக் காசு குடுத்தது நானில்லையா? அந்த ராசி என்னோடது! யார்கிட்டப் போய் இதச் சொல்ல?

நான் தேவைப்பட்டவரைக்கும் அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு ஒரே ஒரு ஒண்ணாந்தேதிதான் கிடைத்தது.

செப்டம்பர் 29, திங்கள்

இந்தத் தடவை ஆயுதபூஜையே ஒண்ணாந்தேதி வருகிறது. ரிக் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திப் பூஜை போட்டு சத்தீஸ்கருக்கு அனுப்பப் போகிறார்கள். அன்றைக்கு மொதக் காசு யார் கையில்?

எதிர் வீட்டுக்காரி இனிமேல் கைமாற்று கிடையாது என்று சொல்லிவிட்டாள். மோதிரத்தை அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்தேன். பத்தாம் தேதி வரை நேரம் உள்ளவள் ஒண்ணாந்தேதிக்காக மோதிரம் வைக்கிறாள். எனக்கு என்ன பைத்தியமா? இருக்கட்டும். பிரவீனாவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன், ஆயுதபூஜை

இருட்டோடு எழுந்து குளித்துப் பச்சைச் சேலை கட்டினேன். பணத்தைச் சின்ன பர்சில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், மாடிப்படியின் முதல் படியில் பிரவீனா உட்கார்ந்திருக்கிறாள். குளித்துத்தான் இருந்தாள். கையில் ஒரு கவர். கண் சிவந்திருந்தது.

"ஏன் சாமி இங்க உக்காந்திருக்கற?" என்றேன்.

"கீழ இன்னும் வெளக்கு வெக்கலீங்க்கா." கவரை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்களுக்கு மட்டும் பத்தாந்தேதியாமா? போன்லயே போட்டர்றீங்களாமா?"

"ஏன்?"

"எங்க ஊட்டுக்காரருக்குச் சம்பளமே ஏழாந்தேதிதானுங்க. தேதிய மாத்திக் குடுங்கன்னு அந்தக்காகிட்டக் கேட்டேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க. விடியக்காலம் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து கையிலயே குடுக்கோணுமாம். எங்கம்மாகிட்ட வாங்கிட்டு வந்து குடுக்கறேன். சொந்தம்னா ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயம்…"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து அதே பார்வையோடுதான் நான் அந்த வாஷிங் மெஷினைப் பார்த்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். தேவிக்கு வேண்டியது உன் பணம் இல்லை, உன் கை என்று ஒரு வார்த்தை போதும். பாவம், கண்ணையாவது துடைத்திருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒருத்தி கண்ணுக்குக் கொடுத்து வைத்தவளாகத் தெரிகிறேன்! எத்தனை நாளாயிற்று!

"சொந்தம்னா அப்படித்தான் சாமி" என்றேன்.

கீழே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பிரவீனா எழுந்தாள். "நீங்களும் வாடகை குடுக்கத்தான் வாரீங்களா?" என்றாள்.

"எனக்கென்ன அவசரம்? நான் பூ வாங்கப் போறேன்."

அவள் உள்ளே போனாள். கேட்டைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தேவி இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். கொஞ்சம் வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

உதிரிப்பூ வாங்கி வந்து நானே ரிக்குக்கு மாலை கட்டிக் கொடுத்தேன். பூபதி அதை வண்டி முன்னால் போட்டார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். நாளைக்கு அடகுக் கடை லீவு, வெள்ளிக்கிழமை போய் மோதிரத்தை மீட்க வேண்டும். வாடகை பத்தாம் தேதி கொடுத்தால் போதும். எனக்கு மட்டும்.