தூரக் கண்ணாடியில் படர்ந்த பூஞ்சணம்

நேற்றுக் காலை டச்சுக்குடாக் கரையில், திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் ஒருவர் தம் தூரக் கண்ணாடியைச் சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றார். "பூஞ்சணம் பிடிச்சிட்டுது, இனி ஏலாது" என்று தனக்குத்தானே சொன்னார். எனக்கு உன் நாவலில் வரும் வேலாயுதத்தின் நினைவு வந்தது. அவனோடு நீயும் நினைவுக்கு வந்தாய், தோழி.

எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்தையும் உன் குசினி அடுப்படியில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டுவாய். தொடக்கத்தில் வேலாயுதம் நல்லவன். கடலில் வள்ளம் கவிழ்ந்தால் தூரக் கண்ணாடியில் முதலில் கண்டு ஊரைக் கூப்பிடுகிறவன். பிறகு அந்தக் கண்ணாடியை மெல்லக் கரைப்பக்கம் திருப்புகிறான். யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கிறான். பார்த்ததைச் சொல்லக்கூடாதவர்களிடம் சொல்கிறான். கண்ணாடியைத் துடைப்பதையும் விட்டுவிடுகிறான். உப்புப் படிகிறது, பூஞ்சணம் படர்கிறது. கடைசியில் சொந்த மகனின் வள்ளம் கவிழும்போது கண்ணாடியைத் தூக்குகிறான். வெறும் வெள்ளைப் புகைதான் தெரிகிறது.

"ஏனடி அவனை முதல்ல நல்லவனாக்கினனீ?" என்று கேட்டேன்.

"கெட்டவனாத் தொடங்கினால், வாசிக்கிற ஆக்கள் இது தாங்களில்லை எண்டு தப்பிப் போயிடுவினம்" என்றாய்.

புத்தகம் வந்த கிழமை உன் அண்ணா கந்தளாயிலிருந்து வந்தார். நானும் அங்கே இருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டாய், அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"எதை அண்ணா?"

"திரியாய் ஊர்ப் பெடியன்ர கதையை. நான் சொல்லித்தான் ஆமிக்காரர் அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அவன் திரும்பி வரேல்லை எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நீ கற்பனையில் உண்டாக்கிய ஒருவனில் அவர் தன்னைக் கண்டுகொண்டார். அவர் வாயாலேயே நீ அதை அறிந்தாய். "நான் உங்களை எழுதேல்லை அண்ணா" என்று மட்டும் சொன்னாய். அதன் பிறகு நீ எதையும் எழுதவில்லை.

நோயில் நீ படுத்தபோது அவர் பின்னேரங்களில் வந்து உன் கால்மாட்டில் இருப்பார். நீ கண்ணை மூடிக்கொள்வாய். ஒருநாள் மட்டும் கேட்டாய்.

"அந்தப் பெடியன்ர தாயிட்டப் போனனீங்களோ?"

"இல்லை. என்னால ஏலாது."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். பிறகு நீ அவரோடு பேசவே இல்லை.

நீ செத்து முப்பத்தோராம் நாள், உன் அந்திரட்டி முடிந்த பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, திரியாய்க்கு என்னோட வாறீங்களோ? தனியப் போக ஏலாமக் கிடக்கு" என்றார். போனோம்.

அந்த அம்மா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். உன் அண்ணா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் "அந்தப் பெடியன், அந்தப் பெடியன்" என்றுதான் சொன்னார். அந்த அம்மா இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அவனுக்குப் பேர் இருக்குத் தம்பி. பேரைச் சொல்லிக் கதையுங்கோ."

உன் அண்ணா "ரவீந்திரன்" என்றார்.

அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. முற்றத்து வெயிலில் நாங்கள் இருவரும் நின்றோம்.

நீ கேட்டது நடந்தது. அதை அறிய நீ இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் எழுந்த அந்த அம்மாவின் அழுகை மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.